ஒன்பதில் இருவர்

செண்பகவல்லி எழுத்தாய்வுக் கூடத்துக்கு வந்தபோது மணி பத்தேகால். பேருந்து நிலையத்திலிருந்து நேரே வந்திருந்தாள். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: தன் வீட்டுக்காரர் பெயரில் இந்த ஆபீஸ் கொடுத்த சான்றிதழ் தப்பு, அந்தக் கடிதத்தை எழுதியது தான், பெயரை மாற்றித் தர வேண்டும்.

அப்படிப் பெயர் மாற்றித் தரும் வழக்கம் அங்கே இல்லை. வரவேற்புப் பெண் அதைச் சொன்னாள். செண்பகவல்லி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சான்றிதழில் கையெழுத்துப் போட்டவரைப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். பிற்பகல் இரண்டு மணிக்கும் அவள் அங்கேயே இருந்ததால் மேலே தகவல் போனது. கையெழுத்துப் போட்ட ஜெசிந்தா இறங்கி வந்தாள்.

ஜெசிந்தா கணிதம் படித்தவள், தூத்துக்குடிக்காரி, நாற்பத்தொரு வயது. கூடத்தின் கணிப்பொறிக்குள் ஓடும் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறையை எட்டு வருடங்களுக்கு முன் எழுதிக் கொடுத்தவள். சான்றிதழில் வரும் ஒரு ஆளைக்கூட அதுவரை அவள் நேரில் பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். தெற்கே ஆத்தியூரில் சாயத் தொழிற்சாலை ஒன்றில் கொதிகலன் வெடித்தது. நான்கு பேர் இறந்ததாக விசாரணை அறிக்கை வந்தது. இரண்டு வாரம் கழித்து ஊர்க்காரர்களின் கைபேசிகளுக்கு ஒரு மொட்டைக் கடிதம் போய்ச் சேர்ந்தது. இறந்தவர்கள் பதினொருவர் என்றும், மற்ற ஏழு பேர் ஒப்பந்தத்துக்கு வந்த வெளிமாநிலத்துக்காரர்கள் என்பதால் கணக்கில் விடப்பட்டார்கள் என்றும் அது சொன்னது. ஏழு பேரின் பெயரும் ஊரும் வயதும் அதில் இருந்தன. மறுநாள் கூட்டம் கூடியது. தொழிற்சாலை வாசல் எரிந்தது. புகையில் சிக்கி ஒரு காவலாளி இறந்துபோனார்.

பெயரிலி எழுத்துச் சட்டம் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. பெயர் போடாமல் எழுதி, அதனால் உயிர்ச்சேதம் வந்தால், எழுதியவரே பொறுப்பு. எழுதியவர் யார் என்று எழுத்தாய்வுக் கூடம் சான்றளிக்க வேண்டும். ஒரு பெயர், ஒரே ஒரு பெயர். போலீஸ் ஒன்பது பேரைச் சந்தேகப்பட்டு, அவர்கள் எழுதியதையெல்லாம் திரட்டி அனுப்பியது. கணிப்பொறி மாசிலாமணி என்றது. நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. அவரைக் கைது செய்து சிறையில் வைத்தார்கள்.

மாசிலாமணி தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மனு எழுதிக் கொடுப்பவர். அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்வது செண்பகவல்லி; போலீஸ் சந்தேகப்பட்ட ஒன்பது பேரில் அவளும் உண்டு. இருபத்தாறு வருடங்களாக அந்தக் கடையில் ஒரே மேஜை, இரண்டு முக்காலி.

ஜெசிந்தா அவளைக் கேண்டீனுக்கு அழைத்துப் போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்தாள். போலீசிடம் சொன்னீர்களா என்று கேட்டாள். சொன்னதாக செண்பகவல்லி சொன்னாள். இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரியாகவே பேசினாராம். புருஷனைக் காப்பாற்ற எந்தப் பெண்ணும் இப்படித்தான் சொல்வாள், மிஷின் உங்கள் பங்கு நூற்றுக்கு இரண்டு என்கிறது, நாங்கள் என்ன செய்ய முடியும் என்றாராம். மாஜிஸ்திரேட்டும் அதையேதான் சொன்னார்.

"எழுதினவ நானே சொல்லுதேன், நம்ப மாட்டேங்காக. அந்த மிஷினு எப்படிம்மா கண்டுபிடிக்கி?"

இந்தக் கேள்வியை ஜெசிந்தாவிடம் யாரும் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. தனக்குத் தெரிந்த வரையில் எளிமையாகச் சொன்னாள். பெரிய சொற்களைக் கணிப்பொறி பார்ப்பதில்லை. ஆனால், என்று, கூட, தான், எனவே என்று நாம் கவனிக்காமல் போடும் சின்னச் சொற்களை எண்ணும். யார் எதை எத்தனை முறை, எதற்குப் பின்னால் போடுகிறார்கள் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒன்பது பேருக்கும் அந்த எண்களை ஒன்பது வரிசையாக நிறுத்தி, மொட்டைக் கடிதத்தின் எண்களை எதிரே வைத்து, இதில் யார் பங்கு எவ்வளவு என்று சமன்பாடு போட்டுத் தீர்க்கும்.

செண்பகவல்லி யோசித்துப் பார்த்தாள். அவர் சொல்வதைத் தான் அப்படியே அடிப்பதில்லை என்றாள். அவர் 'ஆகையினால்' என்பார், தன் விரல் 'எனவே' என்று அடிக்கும். சில நாள் அவர் வாய் திறப்பதற்கு முன்பே அடுத்த வரி தாளில் இருக்கும். மனுவின் அடியில் தயாரித்தவர் என்று அவர் பெயர் போகும். உரிமம் அவர் பேரில்தானே.

ஜெசிந்தா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ரெண்டு மூட்டைய எப்பவும் சேத்தே தராசுல வச்சா, தனித்தனியா எது எவ்வளவுன்னு சொல்ல முடியாதுக்கா," என்றாள்.

"ஆமா. எங்கள யாரும் தனியா நிறுத்ததில்ல," என்றாள் செண்பகவல்லி.

அவளை ஊருக்கு அனுப்பிவிட்டு ஜெசிந்தா அந்தக் கோப்பைத் திறந்தாள். கணவன் வரிசையும் மனைவி வரிசையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. இருநூற்று நாற்பது சொற்களில் வித்தியாசம் தெரிந்தது ஏழெட்டில்தான். இப்படி இரண்டு வரிசைகள் ஒட்டிக்கொண்டால் சமன்பாட்டின் விடை நிற்காது, ஊசலாடும். கணிப்பொறி பிழை காட்டி நின்றுவிடும். தொடக்கத்தில் அடிக்கடி நின்றது. அதற்காகத்தான் ஜெசிந்தா, எட்டு வருடங்களுக்கு முன், சமன்பாட்டில் மிகச் சிறிய ஓர் எண்ணைச் சேர்த்தாள். அதற்குப் பிறகு கணிப்பொறி நின்றதே இல்லை.

இப்போது அந்தச் சிறு எண்ணை எடுத்துவிட்டுத் தீர்த்துப் பார்த்தாள். மாசிலாமணியின் பங்கு முழுக் கடிதத்தைப் போல நாற்பத்தொரு மடங்கு, செண்பகவல்லியின் பங்கு கழித்தல் நாற்பது மடங்கு என்று வந்தது. பங்கு என்பது பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருக்க வேண்டியது. 'கூட' என்ற ஒரு சொல்லைப் பட்டியலிலிருந்து நீக்கினாள். இரண்டு எண்களும் இடம் மாறிக்கொண்டன. அர்த்தமே இல்லாத விடை. அதாவது, கணிப்பொறிக்குத் தெரியவில்லை. தெரியாதபோது அவள் சேர்த்த சிறு எண் என்ன செய்கிறது என்பதையும் அன்றுதான் உட்கார்ந்து பார்த்தாள். யாருடைய எழுத்து அதிகம் கிடைத்திருக்கிறதோ அவர் பக்கம் விடையைச் சாய்த்துவிடுகிறது. மாசிலாமணி பெயரில் மூவாயிரத்து நானூறு மனுக்கள். செண்பகவல்லி பெயரில் மகளிர் குழுவின் கூட்டக் குறிப்புகள் அறுபது. அவர் சிறைக்குப் போனதற்குக் காரணம் அதிகம் எழுதியது.

எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். எண்கள் அப்படியேதான் இருந்தன.

இயக்குநர் பத்ரிநாத் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அந்தச் சிறு எண் கையேட்டில் இருக்கிறது, நிபுணர் குழு ஒப்புக்கொண்டது, அதை வைத்து இரண்டாயிரத்துச் சொச்சம் சான்றிதழ் போயிருக்கிறது என்று சொன்னார். அத்தனை கோப்புகளையும் திறக்க வேண்டுமா என்று கேட்டார். ஜெசிந்தா ஆமாம் என்றாள்.

"சட்டம் ஒரு பேரைக் கேக்குதும்மா. தெரியலைன்னு சொல்ல அதுல கட்டமே இல்ல," என்றார்.

ஜெசிந்தா தன் பொறுப்பில் சாட்சி சொல்வதாக எழுதிக் கொடுத்தாள். மாசிலாமணியின் வழக்கறிஞர் ஹபீப், இளைஞர், இந்த மாதிரி வழக்கு அவருக்கு இது முதல் முறை. தகவல் கேட்டு அவருக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சான்றிதழ் போட்டவரே சான்றிதழ் செல்லாது என்றால் வழக்கு நிற்காது என்று சொன்னார். செண்பகவல்லி கடையைத் திறந்து தூசி தட்டி வைத்தாள் என்று ஜெசிந்தா பிறகு கேள்விப்பட்டாள்.

நீதிமன்றத்தில் ஜெசிந்தா ஒரு மணி நேரம் பேசினாள். மூட்டையையும் தராசையும் சொன்னாள். நீதிபதி குறுக்கிடாமல் கேட்டார், குறிப்பெடுத்துக்கொண்டார். கடைசியில் மூன்று கேள்விகள் கேட்டார்.

இந்த இருவரில் யார் எழுதியது என்று உங்களால் சொல்ல முடியுமா என்பது முதல் கேள்வி. முடியாது என்றாள். சந்தேகப் பட்டியலில் இருந்த மற்ற ஏழு பேரில் ஒருவர் எழுதியிருக்கலாமா என்பது இரண்டாவது. கேள்வி எங்கே போகிறது என்று ஜெசிந்தாவுக்கு அப்போதே புரிந்தது. இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. கணிப்பொறி அந்த ஏழு பேரையும் சந்தேகமில்லாமல் விலக்கியிருந்தது. அதில் பிழை இல்லை.

"அப்படியானால், உங்கள் கணக்கின்படி இந்த இருவரும் ஒரே ஆள் மாதிரி. சரிதானே?"

"கணக்குக்கு அப்படித்தான் தெரியுது, ஐயா. ஆனா அவங்க ரெண்டு பேர்."

நீதிபதி முதல் பாதியைத்தான் எழுதிக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பிரிக்க முடியாதபடி கூட்டாக எழுதியவர்கள், செண்பகவல்லியின் வாக்குமூலமே அவளையும் குற்றவாளியாகச் சேர்க்கப் போதும். இருவருக்கும் ஐந்தாண்டு. மாசிலாமணி கூண்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்வையாளர் பெஞ்சில் இருந்த செண்பகவல்லியை ஒரு பெண் காவலர் தோளைத் தொட்டு எழுப்பினார். அவள் கைப்பையைப் பக்கத்தில் இருந்த ஹபீபிடம் கொடுத்தாள், கடைச் சாவி அதில் இருக்கிறது என்றாள். ஜெசிந்தாவைத் தாண்டிப் போகும்போது ஏதாவது சொல்வாள் என்று ஜெசிந்தா எதிர்பார்த்தாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவள் கூண்டைப் பார்த்தபடியே போனாள்.

ஜெசிந்தா வேலையை விடவில்லை. விட்டால் அந்தக் கோப்பைத் தொடக்கூட முடியாமல் போய்விடும். மேல்முறையீட்டுக்கு ஒரு வழி இருப்பதாக அவளுக்குத் தோன்றியது. அதை அவளே ஹபீபிடம் சொன்னாள். இப்போது இருவரும் வேறு வேறு சிறையில் இருக்கிறார்கள். இனி அவர்கள் எழுதுவது அவரவர் எழுத்து மட்டும். மாதம் ஒரு கடிதம் என்று ஒன்றரை, இரண்டு வருடம் சேர்த்தால் இரண்டு வரிசைகளும் விலகிவிடும். விலகியதும் கணக்கைத் திரும்பப் போடலாம். ஒருவராவது வெளியே வருவார்.

உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, ஒரு நிபந்தனையோடு. அந்த நிபந்தனையும் ஜெசிந்தாவின் மனுவில் இருந்ததுதான். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தால் எழுத்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். ஆகவே கடிதங்கள் கூடத்துக்கு மட்டும் வரும். கணவன் மனைவிக்கு எழுதலாம், மனைவி கணவனுக்கு எழுதலாம். முடிவு வரும்வரை யாருக்கும் யாருடைய கடிதமும் போகாது. ஒரு மாதக் கடிதம் தவறினாலும் ஆய்வு ரத்து.

பெண்கள் சிறையில், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று ஜெசிந்தா இதை விளக்கினாள். செண்பகவல்லி இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"அப்ப நான் எழுதுறத நீங்க படிப்பீக. அவுக எழுதுறதயும் நீங்க படிப்பீக."

"ஆமாக்கா."

"சரி," என்றாள்.

மாதத்தின் முதல் திங்கட்கிழமை இரண்டு கடிதங்கள் வரும். சிறையில் வைத்த திரையில் தட்டச்சு செய்தவை. மாசிலாமணி மனைவிக்கும் மனுவே எழுதினார். பெறுநர், திருமதி செண்பகவல்லி. பொருள், உடல்நலம் விசாரித்தல் தொடர்பாக. மேற்படி பொருளில் கண்டபடி நான் நலம், தாங்கள் நலமா எனத் தெரியப்படுத்தவும். முதல் கடிதத்தைப் படித்து ஜெசிந்தா சிரித்துவிட்டாள், பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். ஒற்றை விரலால் அடித்திருக்க வேண்டும், எழுத்துப் பிழைகள் நிறைய. அவளுடைய கடிதத்தில் பிழையே இருக்காது. குழாயில் தண்ணீர் வரும் நேரம், பக்கத்துப் படுக்கைப் பெண்ணின் குழந்தை, மூட்டு வலிக்குக் கொடுத்த தைலம். ஐந்தாவது மாதம் அவள், பீரோவில் இருக்கும் தன் அம்மாவின் தாலிக்கொடியைத் தங்கை மகளுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாள். அவர் அதே மாதக் கடிதத்தில், சிறை உணவில் உப்பு கூடுதல் என்று புகார் எழுதியிருந்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு இருவரிடமும் எதையும் சொல்ல முடியாமல் ஜெசிந்தா வீட்டுக்குப் போவாள்.

ஒன்பதாவது மாதத்திலிருந்து வரிசைகள் வேகமாக விலகத் தொடங்கின. மாசிலாமணியின் வாக்கியங்கள் நீண்டன, பிழைகள் குறைந்தன. பழக்கம் வந்துவிட்டது என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள். மாதாமாதம் அளந்து ஹபீபுக்கு அனுப்பினாள். ஹபீப் அவரைக் காணொலித் திரையில் இரண்டு முறை பார்த்தார். மெலிந்திருக்கிறார், அதிகம் பேசவில்லை என்று சொன்னார்.

இருபதாவது கடிதம் வந்து பத்து நாளில் மாசிலாமணி சிறை மருத்துவமனையில் இறந்துபோனார். சிறுநீரகம். செண்பகவல்லியைப் போலீஸ் வண்டியில் கூட்டிவந்து இரண்டு மணி நேரம் உடலோடு இருக்கவிட்டார்கள்.

இனிக் கடிதம் வராது என்பதால் நீதிமன்றம் இருப்பதை வைத்து முடிவைக் கேட்டது. ஜெசிந்தா சிறு எண்ணைச் சேர்க்காமலே சமன்பாட்டைத் தீர்த்தாள். இந்த முறை விடை ஆடவில்லை. மாசிலாமணியின் பங்கு நூற்றுக்கு நான்கு. செண்பகவல்லியின் பங்கு தொண்ணூற்றொன்று. எந்தச் சொல்லை நீக்கிப் பார்த்தாலும் அதேதான். இறந்தவர் நிரபராதி என்று நீதிமன்றம் தீர்ப்பைத் திருத்தியது. காவலாளியின் சாவுக்கும் மாசிலாமணிக்கும் சம்பந்தமில்லை என்று ஆத்தியூர் நாளிதழில் படத்தோடு வந்தது. செண்பகவல்லிக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. ஆனால் அவள் முதல் நாள் கூடத்துக்கு வந்து சொன்னதைக் கணிப்பொறி இப்போது சொல்லிவிட்டது. அந்த ஒன்றாவது சரியாக முடிந்தது என்று ஜெசிந்தா நினைத்தாள்.

கடிதங்களைக் கொடுக்கத் தடை நீங்கியதும் இருபதையும் அச்செடுத்துக்கொண்டு பெண்கள் சிறைக்குப் போனாள். அன்று மேஜை போட்ட அறையில் சந்திக்க அனுமதி கிடைத்திருந்தது. செண்பகவல்லி முடிவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தாள். பொருள் என்ற வரி வரும்போதெல்லாம் தலையை ஆட்டினாள். உப்பு பற்றிய புகாருக்கு, இங்கேயும் அப்படித்தான் என்றாள். தாளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டே வந்தாள்.

ஒன்பதாவது கடிதத்தில் நின்றாள். மேலே போனாள். பத்தைப் படித்தாள். பதினொன்றை எடுத்துப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்ப ஒன்பதை எடுத்தாள்.

"இது அவுக எழுதுனது இல்லம்மா."

ஜெசிந்தா மேல்பகுதியைக் காட்டினாள். பெறுநர், பொருள், மேற்படி, எல்லாம் அப்படியே இருந்தது.

"அந்த மாதிரி போட்டிருக்காக. ஆனா பாருங்க, இங்க. நீ சாப்பிட்டியான்னு கேக்காக. இதுலயும் கேக்காக, அடுத்ததுலயும். இருபத்தாறு வருசத்துல ஒரு நா அவுக என்னய அப்படிக் கேட்டதில்ல. கேக்கவும் தெரியாது."

அவர் சொல்லச் சொல்ல வேறு யாராவது எழுதியிருக்கலாமே என்று ஜெசிந்தா கேட்டாள். அவர் சொல்லி எழுதினால் தனக்குத் தெரியாதா என்றாள் செண்பகவல்லி. இதில் அவர் சொல் ஒன்றுகூட இல்லை.

ஜெசிந்தாவின் பையில் மருத்துவமனை அறிக்கையின் நகல் இருந்தது. இறப்புக்கான காரணத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கோப்பில் சேர்த்திருந்தாள். இப்போது முழுவதும் படித்தாள். இரண்டாம் பக்கத்தில், நீண்ட நாள் சர்க்கரை நோய் என்பதற்குக் கீழே ஒரு வரி: இரு கண்களிலும் பார்வை இழந்து ஓராண்டுக்கு மேலாகிறது.

பார்வை இல்லாதவர் திரையில் எதை அடித்திருப்பார். மாதக் கடிதம் ஒன்று தவறினால் ஆய்வு ரத்து என்று நிபந்தனையில் இருந்தது. அது இருவருக்கும் தெரியும். பக்கத்தில் இருந்த யாரோ, கடிதம் தவறக் கூடாது என்று, பன்னிரண்டு மாதம் அவருக்காக எழுதியிருக்கிறான். கணிப்பொறி பிரித்துக் காட்டியது செண்பகவல்லியையும் அந்த யாரோவையும்தான். தொண்ணூற்றொன்று என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஜெசிந்தாவின் சாட்சியம் இரண்டாவது முறையும் தப்பு.

அதை அவள் சொல்லத் தொடங்கினாள். செண்பகவல்லி பாதியிலேயே புரிந்துகொண்டாள்.

"இத நீங்க போய்ச் சொன்னா அவுக பேரு திரும்பக் கெட்டுப்போகுமா?"

"ஆமாக்கா. பழைய தீர்ப்பே நிக்கும்."

"அப்ப சொல்லாதீக."

சொல்லாமல் இருப்பது குற்றம் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். சரி என்று தலையை ஆட்டினாள். இரண்டாயிரம் கோப்புகள் கூடத்தில் அப்படியே இருக்கின்றன. இது இன்னொன்று.

செண்பகவல்லி மீதியைப் படித்து முடித்தாள். மெதுவாகத்தான் படித்தாள். இருபதாவது கடிதம் சிறியது. மழை பெய்கிறது, காய்ச்சல் குறைந்திருக்கிறது, கவலைப்படாதே, சாப்பிட்டாயா. அவள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"கண்ணு தெரியாத மனுசன் பக்கத்துல ஒரு வருசம் ஒருத்தர் இருந்திருக்காக. என்னயவும் சாப்பிட்டியான்னு கேட்டுக்கிட்டே இருந்திருக்காக. எனக்கு அது வந்து சேரவே இல்ல." இருபதாவது தாளைக் கவிழ்த்து வைத்தாள். "அது யாருன்னு உங்க மிஷின்ல பாத்துச் சொல்ல முடியுமாம்மா? ஒரு கடுதாசி போடணும்."

முடியும். அந்தச் சிறையில் இருப்பவர்கள் எழுதியதையெல்லாம் வரிசையாக நிறுத்தி, பன்னிரண்டு கடிதங்களையும் எதிரே வைத்தால், அரை மணி நேரத்தில் ஒரு பெயர் வரும். இந்த முறை வருவது சரியான பெயராகவே இருக்கும். ஆனால் கணிப்பொறியில் எதைப் போட்டாலும் பதிவாகும். பதிவான அன்றே மாசிலாமணியின் கடிதங்கள் அவருடையவை அல்ல என்பது நீதிமன்றத்துக்குப் போய்விடும். இன்னொருவர் பெயரில் எழுதி நீதிமன்றத்தை ஏமாற்றியதற்காக அந்த ஆளும் மாட்டுவான். சிறைக்கு நேரில் போய் விசாரித்தாலும் அதுவேதான் நடக்கும்.

இதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். செண்பகவல்லி கேட்டுக்கொண்டிருந்தாள். இடையில் காவலர் கதவருகே வந்து நேரம் ஆகிவிட்டது என்றார்.

"அப்ப முடியாது."

"முடியாதுக்கா."

செண்பகவல்லி எழுந்து தாள்களை அடுக்கினாள். முதல் எட்டையும் தனியாக எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மீதிப் பன்னிரண்டையும் மேஜையில் தட்டி ஓரம் சமமாக்கினாள். அவற்றைத் திருப்பித் தரப்போகிறாள் என்று நினைத்து ஜெசிந்தா கையை நீட்டினாள். அவள் தரவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு காவலருக்குப் பின்னால் நடந்து போனாள்.